முழங்காலும் தலையணையும்

முன்னுரை

"அறுவை நல்லபடியாக முடிந்தது" என்று மருத்துவர் வெளியே வந்து சொன்னவுடன், வாயிலில் காத்திருக்கும் சுற்றத்தார் கையெடுத்துக் கும்பிடுகின்றனர். ஊருக்குத் தொலைபேசியில் செய்தி போகிறது. அத்துடன் எல்லாம் முடிந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். குடல்வால் அறுவையாக இருந்தால் அவ்வெண்ணம் பெருமளவுக்குச் சரியே. ஆனால் முழங்கால் அறுவையில் அது பாதி வேலைதான். மீதிப் பாதியைச் செய்ய வேண்டியவர் நோயாளி. அவருக்குத் துணை நிற்க வேண்டியவர்கள் வீட்டார்.

இக்கட்டுரை அந்த மீதிப் பாதியைப் பற்றியது. நான் விலங்கியல் பயிலும் மாணவன்; மருத்துவன் அல்லன். எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு பிழையே என்னை இப்பொருள் பற்றிப் படிக்க வைத்தது. அப்பிழையைச் செய்தவர்களுள் முதல்வன் நானே. நம் கல்லூரி மாணவர் பலருடைய வீடுகளிலும் வயல் வேலையில் மூட்டுத் தேய்ந்த பெரியோர் இருக்கின்றனர். அவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் இதனை எழுதுகின்றேன்.

முழங்கால் என்னும் பொறி

நம் உடலின் மூட்டுகளுள் மிகப் பெரியது முழங்கால். மேலே தொடையெலும்பு, கீழே கணைக்கால் எலும்பு, முன்னே சில்லு என மூன்று எலும்புகள் இங்கே கூடுகின்றன. எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. இடையில் பிறை வடிவான இரு குருத்துகள் மெத்தைபோல் அமைந்துள்ளன. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு என நான்கு தசைநார்கள் மூட்டு இடம் பெயராமல் இழுத்துப் பிடிக்கின்றன.

இப்பொறியை இயக்கும் தசைகளுள் நாம் நினைவில் வைக்க வேண்டியது தொடையின் முன்புறத்துப் பெருந்தசை. நான்கு தலைகளை உடையதாதலின் இதனை நாற்றலைத் தசை என்பர். இது சில்லின் வழியாகக் கணைக்கால் எலும்பைப் பற்றியிழுத்துக் காலை நீட்டுகிறது. எழுந்து நிற்பதும், படியேறுவதும், இடறும்போது விழாமல் காப்பதும் இதன் வேலைகளே.

முழங்காலைத் திறந்து அறுவை செய்தால் மூட்டு வீங்குகிறது. வீங்கிய மூட்டிலிருந்து செல்லும் நரம்புச் செய்தி, நாற்றலைத் தசைக்கு வரும் கட்டளையைத் தண்டுவடத்திலேயே குறைத்துவிடுகிறது. "காலைத் தூக்கப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது" என்று நோயாளி சொல்வது சோம்பலால் அன்று; உண்மையிலேயே கட்டளை போய்ச் சேரவில்லை. மூட்டு மாற்று அறுவைக்குப் பின் முதல் மாதத்தில் இத்தசை தன் வலிமையில் பாதிக்கும் மேல் இழந்துவிடுவது உண்டு.

மற்றொரு மாற்றமும் அதே காலத்தில் நிகழ்கிறது. புண் ஆறும்போது மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு உண்டாகிறது. முதல் சில வாரங்களில் அது புதிதாகக் குழைத்த சிமெண்டுக் கலவை போன்றது; எப்படி வைத்தாலும் அந்த வடிவில் அமையும். காலம் செல்லச் செல்ல இறுகுகிறது. அந்த வாரங்களில் மூட்டு மடங்கியும் நீண்டும் பழகினால் தழும்பு அதற்கு இடங்கொடுத்து அமையும். மடங்கியபடியே கிடந்தால் மடங்கியபடியே இறுகும். இவ்விரண்டு உண்மைகளின் மேல்தான் அறுவைக்குப் பிந்திய பயிற்சி முழுவதும் நிற்கிறது.

ஓய்வா, அசைவா?

காயம்பட்ட உறுப்புக்கு ஓய்வு வேண்டுமா, அசைவு வேண்டுமா என்பது மருத்துவ உலகில் நெடுநாள் நடந்த வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) என்னும் எலும்பு மருத்துவர், நீண்ட, இடையறாத ஓய்வே மருந்து என்று வாதிட்டார். அவர் அமைத்த காலணைப்புச் சட்டம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பிரான்சு நாட்டின் லூக்கா ஷாம்பியோனியேர் (1843–1913) இதற்கு நேர்மாறாக, எலும்பு முறிவிலும் கூட விரைவில் அசைவு தொடங்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

நம் மக்களின் மனம் பெரும்பாலும் தாமஸ் பக்கம் நிற்பதாகும். கை கால் ஒடிந்தால் புத்தூர்க் கட்டுக்கு ஓடுவது நம் பக்கத்து வழக்கம். முறிந்த எலும்பை அசையாமல் கட்டி வைத்தால் சேர்கிறது என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டிருக்கிறோம். ஆகவே அடிபட்ட எதையும் ஆடாமல் அசையாமல் வைப்பதே முறை என்று எண்ணிவிடுகிறோம். முறிந்த எலும்புக்குக் கட்டு வேண்டும். ஆனால் மூட்டுக்கு அசைவு வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதுவதில்தான் குழப்பம் பிறக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது இவ்வழக்கில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. முழங்காலில் காயம்பட்ட படைவீரர்கள் அமெரிக்க இராணுவ மருத்துவமனைகளில் மாதக்கணக்கில் தங்கினர். மெலிந்த தொடை எளிதில் தேறவில்லை. சிகாகோவில் கார்டினர் இராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் டிலார்ம் என்னும் இளம் மருத்துவர், இளமையில் நோயுற்றுத் தேறிய பின் எடை தூக்கித் தன் உடலை உரமாக்கிக் கொண்டவர். அதே முறையை வீரர்களின் முழங்காலுக்கும் கையாண்டார். தூக்க முடிந்த எடையைச் சிறுகச் சிறுக உயர்த்திக்கொண்டே போவதுதான் அம்முறை. 1945இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இன்று உலகெங்கும் கையாளப்படும் படிப்படியான எடைப் பயிற்சிக்கு வழிவகுத்தது.

கனடா நாட்டு டொரோன்டோ நகரின் ராபர்ட் சால்டர், 1970 முதல் முயல்களின் மூட்டுகளில் சோதனை செய்து, இடைவிடாத மெல்லசைவு குருத்தெலும்பு ஆறுவதற்குத் துணைசெய்கிறது என்று காட்டினார். அதனையொட்டி, படுத்திருப்பவரின் காலைத் தானே மடக்கி நீட்டும் இயந்திரங்கள் வந்தன. மூட்டு மாற்று அறுவைக்குப் பின் அவற்றைப் பயன்படுத்திப் பார்த்த பிந்தைய ஆய்வுகள், நோயாளி தாமே செய்யும் பயிற்சிக்கு மேல் இயந்திரம் தரும் நன்மை மிகச் சிறிதே என்று கண்டன. இம்முடிவு எண்ணத்தக்கது. கால் ஆடினால் மட்டும் போதாது. நோயாளியின் சொந்தத் தசை அதனை ஆட்ட வேண்டும். இவ்வேலையைப் பணம் கொடுத்துப் பிறரிடம் ஒப்படைக்க இயலாது.

நம் மாநிலத்திலும் மறுவாழ்வு மருத்துவத்துக்கு ஒரு பெருமைமிக்க வரலாறு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவரது முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அறுவையோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை. நோயாளி மீண்டும் தன் வாழ்வுக்குத் திரும்பும்போதுதான் முடிகிறது என்பதைத் தம் வாழ்வாலேயே உணர்த்தியவர் அவர்.

நாடறிந்த சான்று

முழங்கால் மாற்று அறுவை என்பதை இந்தியப் பொதுமக்கள் பரவலாகக் கேள்விப்பட்டது 2000ஆம் ஆண்டில் எனலாம். அவ்வாண்டு அக்டோபரில் அன்றைய தலைமையமைச்சர் அடல் பிகாரி வாஜ்பாய்க்கு மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்கால் மாற்றப்பட்டது. 2001 ஜூனில் அதே மருத்துவமனையில் வலது முழங்காலும் மாற்றப்பட்டது. அறுவை செய்தவர், இந்தியாவில் பிறந்து நியூயார்க்கில் புகழ்பெற்ற சித்தரஞ்சன் ரணாவத். 1970களில் ஜான் இன்சால், பீட்டர் வாக்கர் ஆகியோருடன் சேர்ந்து, இன்று வழங்கும் செயற்கை முழங்காலின் முன்னோடியை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர்.

முதல் அறுவையின்போது வாஜ்பாயின் வயது 75. இரு அறுவைகளுக்கும் இடையே எட்டு மாதம். அதன் பின்னும் 2004 மே வரை அவர் தலைமையமைச்சராகப் பணியாற்றினார். உலகின் சிறந்த அறுவை மருத்துவரை ஒரு தலைமையமைச்சரால் அழைத்துவர முடிந்தது. ஆயினும் காலை மடக்கி நீட்டும் பயிற்சியைத் தமக்குப் பதிலாகச் செய்ய ஓர் ஆளை நியமிக்க அவராலும் முடியாது. இவ்வகையில் அவரும் எங்கள் ஊர்க் கரும்பு வெட்டும் தொழிலாளியும் சமமே.

செயற்கை மூட்டின் விலை ஒரு காலத்தில் ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. 2017 ஆகஸ்டில் நடுவணரசு அதற்கு உச்சவரம்பு விதித்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் விலை குறிக்கப்பட்டிருந்த, பெரிதும் வழக்கிலுள்ள கோபால்ட்–குரோமிய மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என அப்போது வரையறுக்கப்பட்டது. தமிழகத்தில் 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பலருக்கு வழி திறந்தது. இவ்வாறு மூட்டு எளியோர்க்கும் கிட்டும் நிலை வந்துவிட்டது. அதற்குப் பின் வேண்டிய பயிற்சி கிட்டியதா என்பதே இனி நாம் கேட்க வேண்டிய வினா.

எங்கள் வீட்டில் நடந்தது

விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் இருப்புப்பாதையில் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே உள்ளது மேல்பட்டாம்பாக்கம். எங்கள் ஆயா அவ்வூரில் நாற்பது ஆண்டுக்கு மேல் நடவும் களையெடுப்பும் செய்தவர். அறுபத்தைந்து வயதில் வலது முழங்கால் வளைந்து, வாசலுக்கு வந்துபோவதே பெரும்பாடாயிற்று. மூட்டு மாற்று அறுவை நடந்தது, நன்றாகவே நடந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

வந்தவுடன் நான் செய்த முதல் வேலை, இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை ஆயாவின் முழங்காலுக்கு அடியில் வைத்தது. கால் சற்று மடங்கியவுடன் வலி குறைந்தது. "இப்பத்தான்டா உயிர் வந்துச்சு" என்றார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அன்று முதல் இரவும் பகலும் அத்தலையணை அங்கேயே இருந்தது. எழ முயன்றால் அம்மா, "எதுக்கு எழுந்துக்கறீங்க? நான் எடுத்தாரேன்" என்பார். பார்க்க வந்த உறவினர் அனைவரும், "அசைக்காத, உள்ள வச்சது நகந்துடும்" என்று அறிவுரை கூறிச் சென்றனர். மருத்துவமனையில் கொடுத்த தாள்களுக்கிடையே பயிற்சிப் படங்கள் அச்சிட்ட தாள் ஒன்றும் இருந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. கல்லூரியில் படிக்கும் நானும் அதனைப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆறு வாரம் கழிந்தது. புண் ஆறிற்று, தையல் அடையாளம் அழகாக இருந்தது. ஆனால் கால் நேராக நீளவில்லை. மடக்கினாலும் பாதிக்கு மேல் மடங்கவில்லை. முன்பு வளைந்த காலுடன் நடந்த ஆயா, இப்போது விறைத்த காலுடன் நடந்தார். "இதுக்கா இம்மாம் பாடு?" என்று அவர் ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். எங்களில் ஒருவரும் விடை கூறவில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தமிழக அரசு தொடங்கி வைத்த மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம், இயன்முறை மருத்துவரையும் வீடு தேடி அனுப்புவது. அவ்வாறு எங்கள் தெருவில் பக்கவாத நோயாளி ஒருவரைப் பார்க்க வந்த அம்மையாரை என் தாயார் கையோடு அழைத்து வந்தார். அவர் உள்ளே வந்ததும் பார்த்தது ஆயாவின் முகத்தை அன்று, தலையணையை. அதனை எடுத்து ஆயாவின் தலைமாட்டில் வைத்தார்.

"ஆயா, தலையணை தலைக்குத்தான். முட்டிக்கு வச்சா முட்டி தூங்கிடும்."

பிறகு கோணமானியை வைத்து அளந்தார். நேராக நீள்வதற்கு 15 பாகை குறைவு; மடங்குவது 65 பாகை. அதன் பொருளை எங்களுக்கு விளக்கினார். சமதரையில் நடக்க ஏறத்தாழ 65 முதல் 70 பாகை மடங்க வேண்டும். படியேற 90 பாகையையொட்டியும், தாழ்ந்த நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ 100 பாகையையொட்டியும் மடங்க வேண்டும். நேராக நீளாத குறை அதனினும் கொடிது. முழங்கால் நேரானால் எலும்பின்மேல் எலும்பு நின்று உடலைத் தாங்கும். மடங்கியே நின்றால் தொடைத்தசை ஒரு கணமும் ஓயாமல் உழைக்க வேண்டும். அதனால்தான் ஆயா நான்கு அடி வைப்பதற்குள் களைத்துப் போனார்.

"வலிக்குதான்னு கேக்க மாட்டேன் ஆயா, வலிக்கும். எவ்ளோ வலிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்று கூறித்தான் அவர் பயிற்சியைத் தொடங்கினார். முடிந்ததும் என்னைப் பார்த்து, "நான் எப்பவோ ஒருநாள் வருவேன். தெனமும் இருக்கறது நீதான் தம்பி" என்றார். அன்றிரவுதான் ஆங்கிலத் தாளைப் பிரித்துத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

பயிற்சி முறைகள்

சுவரில் ஒட்டியவற்றின் சுருக்கம் கீழே தரப்படுகிறது. இவை மூட்டு மாற்று அறுவைக்குப் பொதுவானவை. குருத்தைத் தைத்தவர்களுக்கும் தசைநார் மாற்றியவர்களுக்கும் மடக்கும் அளவிலும் எடை ஊன்றுவதிலும் வேறு கட்டுப்பாடுகள் இருக்கக்கூடும். ஆகவே அறுவை செய்த மருத்துவரின் சொல்லே முடிவானது.

ஒன்று: பாதத்தை மேலும் கீழும் அசைத்தல். விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை இருபது தடவை. இது கெண்டைக்கால் இரத்தத்தை மேலே தள்ளி, குருதிக்குழாயில் உறைகட்டி உண்டாவதைத் தடுக்க உதவும்.

இரண்டு: தொடையை இறுக்குதல். காலை நீட்டி, முழங்காலின் பின்புறத்தால் படுக்கையை அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுதல், பத்து முறை. தூங்கும் நாற்றலைத் தசையை எழுப்புவது இதுவே.

மூன்று: குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்தல். முழங்கால் அந்தரத்தில் நிற்க, தன் எடையால் தானே நேராகும். ஐந்து முதல் பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. நான் வைத்த தலையணைக்கு இது நேரெதிர் என்பதைக் காண்க. முழங்காலின்கீழ் வைத்தால் கேடு. குதிகாலின்கீழ் வைத்தால் நன்மை.

நான்கு: குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்குதல். இயன்ற அளவு மடக்கி, சற்றே பொறுத்து, மீண்டும் நீட்டுதல், பத்து முறை. அடுத்த கட்டமாக நாற்காலியில் அமர்ந்து நல்ல காலால் மற்றக் காலைப் பின்னுக்குத் தள்ளி மடக்கலாம்.

ஐந்து: காலை நேராக வைத்துத் தூக்குதல். மறுகாலை மடக்கி ஊன்றிக்கொண்டு, நேரான காலை ஒரு சாண் உயரம் தூக்கி ஐந்து எண்ணி இறக்குதல்.

ஆறு: நடத்தல். அறுவையன்றே அல்லது மறுநாளே நடக்க வைப்பது இன்றைய முறை. முதலில் நான்குகால் நடைச்சட்டம், பின்னர் கைத்தடி. தடியை நோயுற்ற காலின் பக்கம் அன்றி, எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில்.

வலி மாத்திரையை மருத்துவர் சொன்னபடி பயிற்சிக்கு அரைமணி முன்னதாக எடுத்துக்கொண்டால் பயிற்சி எளிதாகும். பயிற்சி முடிந்தபின் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். தைலம் தேய்த்து உருவிவிடுவதும், சுடச்சுட ஒத்தடம் கொடுப்பதும் புதிய புண்ணுக்கு ஆகா. பயிற்சியால் உண்டான வலி சிறிது நேரத்தில் தணிய வேண்டும். மறுநாள் வரை நீடித்து வீக்கமும் மிகுந்தால், அளவு கூடிவிட்டது என்று கொள்க. வலியே இல்லையெனில் பயிற்சி போதவில்லை என்று ஐயுறலாம்.

நம் வீடும் நம் வழக்கமும்

மேலைநாட்டு நூல்களில் காணாத ஒரு சிக்கல் நம் வீடுகளில் உண்டு. நம் வாழ்வு தரையை ஒட்டியது. தரையில் அமர்ந்து உண்கிறோம், அரிவாள்மணையில் காய் நறுக்குகிறோம், குந்தி அமர்ந்து கோலமிடுகிறோம், குந்தியே மலங்கழிக்கிறோம். முழுவதும் குந்துவதற்கு 130 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். மாற்று மூட்டுள்ளவர் பலருக்கு 110 முதல் 120 பாகை கிட்டினாலே நல்ல பயன். ஆகவே பொதுவாகக் குந்துதலையும் சம்மணமிடுதலையும் தவிர்க்கச் சொல்கின்றனர்.

இதனை அறுவைக்கு முன்பே வீட்டார் எண்ணிப்பார்க்க வேண்டும். மேற்கத்திய முறைக் கழிப்பிடம் இல்லாத வீட்டில், நடுவில் துளையிட்ட நாற்காலி ஒன்றாவது வேண்டும். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும். கயிற்றுக் கட்டில் நடுவில் குழியுமாதலின் உதவாது. பலகைக் கட்டில் நன்று. அறுவைக்குச் செலவிட்டதில் இவை சிறு பங்கே.

பெண்களின் நிலை தனியே சொல்லத்தக்கது. பத்து நாள் படுத்தாலே, "நம்மால வீட்ல எல்லாருக்கும் தொல்லை" என்ற கூச்சம் அவர்களுக்கு வந்துவிடுகிறது. ஒன்று, பிறர் சொற்படி அசையாமல் கிடப்பர். அல்லது பயிற்சியை விட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவர். அடுக்களையில் நிற்பது பயிற்சி ஆகாது. பயிற்சிக்கென்று நேரம் ஒதுக்குவதை உணவு நேரம்போல் வீடு முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கைக் குறிகள்

அசைவு நன்று என்பதால் எல்லா வலியையும் பொறுத்துக்கொள்ளலாகாது. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினால் உறைகட்டி இருக்கக்கூடும். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். புண்ணிலிருந்து நீரோ சீழோ வடிதல், சிவந்து பரவுதல், காய்ச்சல் ஆகியவை தொற்றின் குறிகள். மாறாக, மூட்டில் இளஞ்சூடும் சிறு வீக்கமும் சில மாதங்கள் இருப்பதும், தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பதும் பெரும்பாலும் இயல்பானவையே. முழுத் தேர்ச்சிக்கு ஓராண்டும் ஆகலாம்.

முழங்கால் பல வாரமாகியும் 90 பாகை மடங்காவிட்டால் மருத்துவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும். மயக்கநிலையில் வைத்து மடக்கிவிடும் முறை உண்டு. அறுவை நடந்து மூன்று மாதத்துக்குள் அதனைச் செய்தால் பலன் மிகுதி. தழும்பு இறுகிய பின் குறைவு.

ஆடுகளத்து முழங்கால்

இதுவரை கூறியவை முதியோர்க்கு மட்டும் என்று நம் மாணவர் எண்ண வேண்டா. கடலூர் மாவட்டம் கபடிக்குப் பேர்போனது. கால் ஊன்றியிருக்க உடல் திரும்பும் அந்த ஒரு நொடியில் முழங்காலின் உள்ளே முன்புறக் குறுக்கு நார் அறுந்துவிடுவது உண்டு. 'பட்' என்று ஓசை கேட்கும்; சில மணிகளில் முட்டி வீங்கும். உருவிவிட்டுக் கட்டுப்போட்டு அடுத்த ஆட்டத்துக்கு இறங்குபவர், பிறைக் குருத்தையும் கிழித்துக்கொள்கின்றனர்.

அறுந்த நாருக்குப் பதிலாக, தொடையின் பின்புறத்திலிருந்தோ சில்லின் கீழிருந்தோ நார் எடுத்துப் பொருத்துகின்றனர். பொருத்திய நார் உயிர்பெற்று உறுதிப்பட மாதங்கள் பல வேண்டும். 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் மீண்டும் காயமுறும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது என்று காட்டியது. அக்காலத்தைச் சும்மா கழிப்பதும் பயனில்லை. இரு தொடைகளின் வலிமையும் ஏறத்தாழச் சமமாகும் வரை பயிற்சி வேண்டும். ஆயாவுக்கு வேண்டியது அசையும் துணிவு. நம் ஆட்டக்காரருக்கு வேண்டியது பொறுக்கும் துணிவு. அன்றாடப் பயிற்சி இருவருக்கும் பொது.

முடிவுரை

எங்கள் ஆயாவின் கதையை முடித்துவிடுகிறேன். மூன்று மாதம் நாள் தவறாமல் பயிற்சி செய்தார். காலையில் நான் எண்ணிக்கை சொல்வேன், மாலையில் அம்மா. சில நாள் திட்டினார். சில நாள் அழுதார். மடங்குவது 65இலிருந்து 100 பாகைக்கு வந்தது. மயக்கம் கொடுத்து மடக்கும் தேவை ஏற்படவில்லை. இன்று தடியில்லாமல் கடைத்தெருவுக்கு நடக்கிறார். பேருந்தின் படியைப் பிடித்து ஏறுகிறார்.

ஆனால் நேராக நீள்வதில் ஐந்து பாகை குறை நிலைத்துவிட்டது. வெகுதூரம் நடந்தால் அந்தக் கால் முதலில் களைக்கிறது. அதனை அவர் பெரிதாகக் கூறுவதில்லை. "இந்த மட்டும் வந்துச்சே, போதும்டா" என்கிறார். அந்த ஐந்து பாகைக்குப் பொறுப்பு யார் என்பது எனக்குத் தெரியும்.

நாம் அன்பினால்தான் தலையணை வைக்கிறோம். அன்பினால்தான் "அசையாதே" என்கிறோம். அன்புக்கு அறிவும் துணையாக வேண்டும். படித்த பிள்ளை இருக்கும் வீட்டில் அறுவைக்குப்பின் தரப்படும் தாளை முதல் நாளே பிரித்துப் படித்து, வீட்டு மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டுவது அப்பிள்ளையின் கடமை. இதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. இவ்விதழைப் படிக்கும் நண்பர்கள் தம் வீட்டில் யாருக்கேனும் முழங்கால் அறுவை நடந்தால், முதலில் முழங்காலின்கீழ்ப் பாருங்கள். அங்கே தலையணை இருந்தால் எடுத்து விடுங்கள்.